கோ. நடேசய்யரும் மலையகத்துப் புடவை மூட்டையும்

1919ஆம் ஆண்டில் தஞ்சாவூரிலிருந்து ஒரு பத்திரிகையாசிரியர் கொழும்புக்கு வந்து இறங்கினார். பெயர் கோதண்டராம நடேசய்யர். 1887இல் பிறந்தவர். தஞ்சையில் 'வர்த்தகமித்திரன்' என்றொரு பத்திரிகையை நடத்திவந்தார். பெயரைப் பார்த்தாலே தெரியும், வியாபாரிகளுக்கான பத்திரிகை. கொழும்பிலிருந்த இந்திய வியாபாரிகள்தாம் அவரை அழைத்திருந்தார்கள். வந்த காரியம் முடிந்ததும் அவர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் மலைக்கு ஏறினார். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிற தமிழ்ச் சனம் எப்படிச் சீவிக்கிறது என்பதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று நினைத்தார்.

பார்க்கத்தான் வழியில்லை. தோட்டம் என்பது துரையின் ஆட்சிக்குட்பட்ட காணி. மலையும் அதற்குள், ஆறும் அதற்குள், லயமும் அதற்குள். லயத்துக்குப் போகிற பாதைகூட தோட்டத்துப் பாதைதான். லயத்தில் இருக்கும் தொழிலாளிக்கு அந்தக் காம்பராவில் குடியிருக்க இடம் உண்டே தவிர, தன் வீட்டுக்கு ஒருவரை 'வாங்க' என்று கூப்பிடும் உரிமை கிடையாது. துரை விரும்பாத ஆள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறி நுழைந்த குற்றம். பொலிசுக்குச் சொல்லிப் பிடித்துக் கொடுத்துவிடலாம். கையில் பேனாவும் கொப்பியுமாக ஒருவர் வந்து "இங்கே சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வகை வெளியாளை மட்டும் தோட்டம் உள்ளே விட்டது. புடவை மூட்டையைத் தலையிலோ தோளிலோ சுமந்துகொண்டு லயம் லயமாகப் போகிறவன். தொழிலாளிக்குத் துணி வேண்டும். அதை வாங்க ஒருநாள் லீவு கேட்டுக்கொண்டு டவுனுக்கு நடப்பதைவிட, துணி லயத்துக்கு வருவது தோட்டத்துக்கும் லாபம். நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் போட்டுக்கொண்டு தோட்டங்களுக்குள் போனார். போய்ப் பார்த்ததை ஊருக்குத் திரும்பி எழுதினார்.

மலையக வரலாறு சொல்லப்படுகிற மேடைகளில் எல்லாம் இந்தக் கதை வரும். ஒரு வீரனின் சாதுரியமாக அதைச் சொல்வார்கள், சபை கைதட்டும். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு வேடம் போட்ட கதை என்றால் பிடிக்கும். ஆனால் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கையில் எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. நடேசய்யர் இரவல் வாங்கிய அந்த வேடம் யாருடையது? அந்த வேடத்தை நிரந்தரமாகவே போட்டிருந்தவர்கள், அதாவது அதுவே பிழைப்பாக இருந்தவர்கள், உள்ளே என்ன கண்டார்கள்? கண்டதை ஏன் எழுதவில்லை?

இந்தக் கேள்வியை இந்தச் சஞ்சிகையில் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. மலையகத் தோட்டங்களில் மூட்டை வியாபாரம் செய்தவர்களில் கணிசமானோர் எங்கட ஆட்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், தொண்டி என்று தமிழகக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் ஒரு பக்கம். இலங்கையில் அவர்களைச் 'சம்மாங்காரர்' என்பார்கள். கம்பளை, அக்குறணை, மாவனல்லை என்று மலைநாட்டிலும் அதன் அடிவாரத்திலும் வேரூன்றிய முஸ்லிம்கள் இன்னொரு பக்கம். செட்டிமாரும் வேறு சாதி வியாபாரிகளும் இருந்தார்கள்தான். நடேசய்யர் போட்டது முஸ்லிம் வேடம் என்று நான் சொல்ல வரவில்லை. புடவை மூட்டையோடு தோட்டத்து வாசலில் ஒருவன் வந்து நின்றால் அது யாருக்கும் அதிசயமாகப் படாத அளவுக்கு அந்தப் பாதை பழகிப்போயிருந்தது என்பதே விஷயம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் எங்கட பாட்டன்மாருக்குப் பங்கு உண்டு.

காலத்தையும் மறந்துவிடக் கூடாது. நடேசய்யர் மலையேறியதற்கு நாலே வருஷத்துக்கு முன்னால்தான், 1915 மே மாதக் கடைசியில், கண்டியில் கலவரம் மூண்டு நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. அதன் வேர் கம்பளைப் பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹரா மேளம் அடிக்கலாமா கூடாதா என்ற பழைய வழக்கு. முஸ்லிம் கடைகள் கொள்ளையடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. அதிகம் அடிபட்டவர்களில் சம்மாங்காரர்களும் அடக்கம். அப்படி அடிபட்ட ஒரு சமூகம் மீண்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிய காலம் அது. யாரோடும் வம்புக்குப் போகாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி என்று அவர்கள் நினைத்திருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

எங்கட அப்பாவும் ஒரு மூட்டை வியாபாரி. (மலைநாட்டு முஸ்லிம் வீடுகளில் பாட்டனைத்தான் அப்பா என்போம், தகப்பன் வாப்பா. பிற ஊர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) அவர் நடேசய்யர் காலத்துக்கு அடுத்த தலைமுறை. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று அவருடைய பாதை போகும். சம்பளம் போடும் நாட்களை ஒட்டித்தான் பயணம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கொப்பி வைத்திருந்தார். தோட்டம், டிவிஷன், லயத்து இலக்கம், காம்பரா இலக்கம், ஆளின் பெயர், எடுத்த துணி, கொடுத்த காசு, பாக்கி. சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'மகள் பெரிசாயிட்டா' என்று எழுதியிருக்கும். சடங்குக்குச் சேலை எடுப்பார்கள் என்பதற்கான குறிப்பு அது. சிலதில் 'தோட்டம் மாறிட்டாங்க' என்று எழுதிக் கோடு போட்டிருக்கும். அந்தப் பாக்கி இனி வராது என்று அர்த்தம்.

வாப்பாவை முதன்முதல் தன்னோடு கூட்டிக்கொண்டு போன நாளில் அவர் சொன்னாராம்: "தோட்டத்துல கண்டத ரோட்டுல செல்லப் போகாத மகன். செல்லப் போனா அடுத்த மாசம் கேட்டுக்குள்ள உடமாட்டானுகள்." வாப்பா இதை ஒரு வியாபாரத் தந்திரமாகத்தான் எனக்குச் சொன்னார். நான் நடேசய்யரைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகு அந்த வார்த்தை வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. ஒரே பாதை, ஒரே மூட்டை, ஒரே லயம். ஒருவர் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு உள்ளே போனார். மற்றவர் சொல்வதற்காகவே போனார்.

அப்படிச் சொல்ல என்ன இருந்தது? அன்றைய நிலைமையில் எல்லாவற்றுக்கும் மேலாகத் 'துண்டு' இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் புரியாது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வருகிறவன் கங்காணி. அதற்கான முன்பணத்தைத் தோட்டம் கங்காணிக்குக் கொடுக்கும். வழிச்செலவு, சாப்பாடு, ஊர்க்கடன் அடைத்தது என்று அந்தப் பணம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். எவ்வளவு ஏறியது என்பது கங்காணிக்குத்தான் தெரியும். தொழிலாளிக்கு எழுத்து வாசிப்பு கிடையாது. அவன் இந்தத் தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், 'இன்னார் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன்' என்று துரை ஒரு துண்டுக் கடதாசி எழுதிக் கொடுக்க வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். எடுத்த கையோடு அதே கடன் புதுத் தோட்டத்தின் கணக்கில் அவன் தலையில் ஏறும். சந்தையில் மாடு கைமாறும்போதுகூட மாட்டின் பேரில் கடன் எழுதுவதில்லை.

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் ஒன்று, தோட்டக்காரர்களுக்கே அந்தக் கடன் சுமையாகிப்போனது இன்னொன்று. நடேசய்யர் எழுதித்தான் ஒழிந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் அதைத் தமிழில், தொழிலாளியின் பக்கம் நின்று, வெளியுலகத்துக்கு எழுதிக்காட்டியவர்களில் அவர் முன்வரிசைக்காரர்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். துண்டு, முன்பணம், கங்காணி கடை, அரிசிக் கழிவு என்று நீண்ட அந்தக் கடன் சங்கிலியில் புடவை மூட்டைக்காரனின் கொப்பியும் ஒரு கண்ணி. சின்னக் கண்ணிதான். ஆளைக் கட்டிவைக்கிற சக்தி அதற்கு இல்லை. ஆள் தோட்டம் மாறினால் நஷ்டம் வியாபாரிக்கே. ஆனாலும் சம்பளக் காசு தொழிலாளியின் கையில் விழுந்த அதே நாளில் வாசலில் வந்து நின்றவர்களில் அவனும் ஒருவன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடனாகத் துணி கொடுத்தவனும் அவன்தான். எங்கட சமூகத்தின் மலையக வரலாற்றை எழுதுகிறவர்கள் பள்ளிவாசல் கட்டிய கதையையும் கடை வைத்த கதையையும் எழுதுகிறார்கள். லயத்து வாசலில் நடந்த கொடுக்கல் வாங்கலை எழுதுவதில்லை. பெருமைக்கும் சிறுமைக்கும் நடுவில் அது நிற்பதால் விட்டுவிடுகிறார்கள் போலும்.

எழுதத் தெரியாத சமூகம் என்றும் சொல்ல முடியாது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இலேயே 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். அதன் கவலை முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி, சமூகச் சீர்திருத்தம், உலக முஸ்லிம்களின் செய்தி. அந்தக் காலத்துக்கு அது மகத்தான வேலை. ஆனால் அவர் வாழ்ந்த கண்டிச் சீமையைச் சுற்றிலும் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை எழும்பிக்கொண்டிருந்தது. அந்த மலைகளில் கூலிகளாக இருந்த சனம் எந்தத் தமிழ்ப் பத்திரிகைக்கும் இன்னும் வாசகராகவோ செய்தியாகவோ ஆகியிருக்கவில்லை. தோட்டத்தைப் பற்றித் தமிழில் அச்சேறிய ஆரம்ப நூல்களில் ஒன்றான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' (1869) கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தோட்ட உத்தியோகத்தரின் கண்ணால் பார்த்துப் பாடியது. கூலியின் கண்ணால் பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1920இல் நடேசய்யர் இலங்கைக்கே குடிவந்துவிட்டார். அடுத்த வருஷம் 'தேசநேசன்' வந்தது. இலங்கையின் முதலாவது தமிழ் நாளிதழ் என்று அதைச் சொல்வார்கள். 'நேசன்' என்ற சொல் சித்திலெப்பை வைத்த பெயரையும் நினைவூட்டுகிறது. 1924இல் 'தேசபக்தன்'. அதற்குப் பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அவர் தொடங்கிய பத்திரிகைகளுக்கு ஒரு நீண்ட பட்டியலே உண்டு. 'தொழிலாளி', 'தோட்டத் தொழிலாளி', 'உரிமைப்போர்', 'வீரன்' என்று பெயர்கள் மாறிக்கொண்டே போகும். பல அற்பாயுசு. காசில்லாமல் நிற்கும், வேறு பெயரில் முளைக்கும். ஒரே பத்திரிகையை ஊன்றி நடத்தியிருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்குமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அவருடைய வாசகர் பத்திரிகைக்குச் சந்தா கட்டக்கூடியவர் அல்ல, விளம்பரம் தரக்கூடியவர்கள் அவருடைய எதிரிகள். அந்த நிலையில் எந்தப் பத்திரிகை நிலைத்திருக்கும்?

கொழும்பில் அவர் ஏ.ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தார். சட்டநிரூபண சபைக்கு அவர் போன கதையில் முஸ்லிம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1924இல் இந்தியர்களின் பிரதிநிதிகளாகத் தெரிவான இருவரில் ஒருவர் முஹம்மது சுல்தான். அவர் காலமானதால் ஏற்பட்ட வெற்றிடத்துக்கு 1925இல் நடந்த இடைத்தேர்தலில் வென்றுதான் நடேசய்யர் சபைக்குள் நுழைந்தார். வியாபாரிகளின் பிரதிநிதித்துவமாக இருந்த ஆசனம் அன்றிலிருந்து தொழிலாளியின் ஆசனமாக மாறியது.

1928 அளவில் குணசிங்கவுக்கும் அவருக்கும் பிளவு வந்தது. கொழும்பில் வேலையில்லாத் திண்டாட்டம் ஏற ஏற, இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் சங்கத்துக்குள்ளேயே எழத் தொடங்கியிருந்தது. கதையை இங்கே நீட்ட வேண்டாம்.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் ஆகக்குறைந்த சம்பளத்தை உறுதிசெய்தது. 1929 ஜனவரியிலிருந்து அமுலுக்கு வந்த கணக்கின்படி, உயர்நிலத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், வேலை செய்கிற பிள்ளைக்கு 32 சதம். மாதம் 25 நாள் பேர் விழுந்தால் ஆணுக்கு 13 ரூபாய் 50 சதம், பெண்ணுக்கு 10 ரூபாய் 75 சதம். தோட்டம் கொடுத்த அரிசியும் கம்பளியும் இதில் கழிந்துவிடும். மீதியில்தான் கங்காணியின் பாக்கி, கடைப் பாக்கி, புடவைக்காரனின் பாக்கி. இந்தக் கணக்கு எந்த அரசாங்க அறிக்கையிலும் முழுதாக இராது. அரசாங்கத்துக்குச் சம்பளம் தெரியும், செலவு தெரியாது. கொப்பிக்காரனுக்குச் செலவு தெரியும், சொல்ல மாட்டான். இரண்டையும் சேர்த்துப் பார்த்து எழுத ஒரு பத்திரிகையாளன் தேவைப்பட்டான்.

அந்த 54 சதமும் நிலைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்தது, தேயிலை விலை விழுந்தது, முப்பதுகளின் தொடக்கத்தில் சட்டபூர்வமாகவே சம்பளம் வெட்டப்பட்டது. 1931 ஜனவரியில் நடேசய்யர் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்று எழுந்த முதல் தொழிற்சங்கம் அதுதான். கொழும்பை விட்டு ஹட்டனுக்கு வந்தது சின்ன விஷயமில்லை. தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. அதனால் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வருகிற டவுனிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். 1933இல் ஆங்கிலத்தில் 'பிளான்டர் ராஜ்' என்ற நூலை எழுதினார். தோட்டக்காரர் ஆட்சி என்று பொருள்படும் அந்தத் தலைப்பே துரைமாருக்குக் கொதிப்பூட்டப் போதுமானது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அவருடைய ஆங்கில நூல்கள் அல்ல. எழுத்தறிவில்லாத வாசகருக்குப் பத்திரிகையாளன் எப்படி எழுதுவது என்ற சிக்கலை அவர் எதிர்கொண்ட விதம். பத்திரிகை அச்சடித்து மலைக்கு அனுப்பினால் லயத்தில் அதை வாசிக்க எத்தனை பேர்? கணக்கப்பிள்ளை வாசிப்பான், அவன் துரையின் ஆள். கங்காணி வாசிப்பான், அவனைப் பற்றித்தான் செய்தியே. ஆகவே செய்தி, அச்சிலிருந்து மறுபடி வாய்ப்பேச்சாக இறங்க வேண்டியிருந்தது. நடேசய்யர் நாடகம் எழுதினார். 1937இல் வந்த 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்' என்பதன் பெயரைப் பாருங்கள். காலுக்குக் கீழே நிலமில்லாமல், தலைக்கு மேலே பிடியில்லாமல் நடுவில் தொங்குகிற பிழைப்பு. எங்கட ஊர்களில் 'அந்தரம்' என்றால் அவசரம், பதற்றம் என்ற பொருளும் உண்டு. இரண்டுமே அந்தச் சனத்துக்குப் பொருந்தியது.

அதைவிட முக்கியம் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை. கூட்டம் தொடங்கும்போது அவர் பாடுவார். சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில், சம்பள வெட்டையும் வாக்குரிமைப் பறிப்பையும் பாட்டாகக் கட்டிப் பாடுவார். 1940இல் அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அச்சில் வந்தன. கவிதை நூலுக்கு வைக்கிற பெயரா இது? ஓர் அறிக்கைக்கு வைக்கிற பெயர். அவர் அதைப் பாட்டாக நினைத்ததைவிடச் செய்தியாகவே நினைத்தார் என்பது என் எண்ணம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த நான் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடல்களைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. ஈழத்துப் பெண் எழுத்து என்று வரும்போது மீனாட்சியம்மையின் பெயர் முதல் பக்கத்தில் வர வேண்டும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாடியவர் மேடையை விட்டு இறங்கினதும், எழுத்தறியாத பெண்கள் அதை மனப்பாடமாக மலைக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் துரைக்கும் அதைக் கேட்டில் நிறுத்திப் பறிமுதல் செய்ய முடியாது.

1936இல் நடேசய்யர் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947 வரை அங்கே இருந்தார். ஆனால் அந்தப் பதினோரு வருஷத்தில் காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. 1939 ஜூலையில் நேரு வந்தார், இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்தியா தொழிலாளர் வருகையைத் தடைசெய்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். புதிய சங்கங்களும் புதிய தலைவர்களும் வந்தார்கள். நடேசய்யருக்கு அவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. தனியாக நடந்து பழகியவர், கூட்டத்தோடு நடப்பது அவருக்கு வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தப் புதிய தலைவர்களில் ஒருவர் மர்ஹூம் அப்துல் அஸீஸ். காந்தி பிறந்த அதே போர்பந்தரில் 1911இல் பிறந்தவர். இடதுசாரிகளோடு தொடங்கி, இலங்கை இந்தியன் காங்கிரசின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்து, தொண்டமானோடு முரண்பட்டுப் பிரிந்து, ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை நடத்தியவர். தோட்டத் தொழிலாளரில் ஆகப் பெரும்பான்மை இந்துக்கள். அவர்கள் ஒரு குஜராத்தி முஸ்லிமைத் தங்கள் தலைவராக ஏற்று, அவர் சொன்னால் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கட மேடைகளில் அஸீஸ் என்றாலே கல்விமான் ஏ.எம்.ஏ. அஸீஸ் மட்டும்தான். அது நியாயமே, ஸாஹிராவை வளர்த்தெடுத்த பெருமகன் அவர். ஆனால் மலையகத்து லயங்களில் 'அஸீஸ்' என்றால் இன்றும் முதியவர்களுக்கு இந்த அஸீஸ்தான். மூட்டைக்காரன் சொல்லாமல் விட்டதை அவருடைய பொதுவாழ்வு ஓரளவு ஈடுசெய்தது என்று சொல்லலாம். ஆனால் அவர் வந்தது சங்கத்துப் பாதையில், லயத்து வாசலில் துணி விரித்த அனுபவத்திலிருந்து அல்ல.

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அதே வருஷம் நடேசய்யரின் 'வெற்றியுனதே' நூல் வெளிவந்தது. அந்த நவம்பர் 7ஆம் திகதி அவர் காலமானார். அடுத்த ஆண்டு, சுதந்திரத்தின் சூடு ஆறுவதற்கு முன்னமே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர் யாருக்காக எழுதினாரோ அந்தச் சனத்தில் பெரும்பான்மையை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்கும் போனது. 1952 பாராளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை.

நடேசய்யரை நாம் இன்று இவ்வளவாவது அறிந்திருப்பது தற்செயல் அல்ல. தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த சாரல் நாடன் என்ற எழுத்தாளர், பழைய பத்திரிகைகளையும் ஏடுகளையும் வருஷக்கணக்காகத் தேடி 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலை எழுதினார். பிறகு 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்றும் தனியாக ஒரு நூல் எழுதினார். மலையகத்தவர் தம் வரலாற்றைத் தாமே தோண்டி எடுத்தார்கள். அதே மலையில் அதே நூறு வருஷம் நடந்த எங்கட ஆட்களின் பக்கத்தை யார் தோண்டுவது?

மூலங்கள் இல்லாமல் இல்லை. எங்கட அப்பாவின் கொப்பிகளில் மூன்று மட்டும் மிஞ்சியிருக்கின்றன; மீதியை வீடு மாறும்போது அடுப்பில் போட்டதாக வாப்பா சொன்னார், அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மிஞ்சிய மூன்றிலும் பென்சில் எழுத்து மங்கிவிட்டது, சில பெயர்கள் அரபுத் தமிழில் இருக்கின்றன. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நாவலப்பிட்டி, கம்பளை என்று எத்தனையோ பழைய கடைகளின் மேல்மாடிகளில் இப்படிப்பட்ட கொப்பிகள் கிடக்கலாம். எந்த லயத்தில் எந்த வருஷம் எத்தனை குடும்பம் இருந்தது, பெண்களின் பெயர் என்ன, சம்பளம் வெட்டிய மாதத்தில் எத்தனை பேர் துணி எடுக்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். வைத்திருப்பவர்கள் பழைய கடதாசிக்காரனுக்கு எடை போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். கடன்பட்டவர்களின் பெயர்கள் வெளிவருவது அழகல்ல என்று நினைப்பவர்கள் பெயரை மறைத்துக் கணக்கை மட்டும் படியெடுக்கலாம். நான் அப்படித்தான் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கொப்பியில் பாதி முடிந்திருக்கிறது.